சிறு காரும் இரண்டு பட்டறைகளும்

நடுத்தரக் குடும்பத்தார் சீட்டு எடுத்தும் வங்கியில் கடன் வாங்கியும் ஒரு சிறிய காரை வாங்கும்போது, விலையைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைப் பற்றியும் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள்; ஆனால் அந்த வண்டியை அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு யார் கையில் ஒப்படைப்பது என்ற விஷயத்தைப் பற்றி அவர்கள் விசாரிப்பதே இல்லை. பெரிய கார் வைத்திருப்பவருக்கு இது அவ்வளவு முக்கியமன்று. சர்வீஸுக்கு ஆகும் செலவு அவருடைய வண்டியின் விலையில் ஒரு சிறு பகுதிதான். ஆல்டோ போன்ற வண்டியை வைத்திருப்பவருக்கோ, வண்டிக்கு வயதாக ஆக அதன் விலை இறங்கிக்கொண்டே வர, பட்டறையில் கொடுக்கும் பில் மட்டும் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் வண்டியை வைத்துக்கொள்வதா விற்றுவிடுவதா என்பதையே அந்த பில்தான் நிர்ணயிக்கிறது. ஆகையால் ஷோரூமைச் சேர்ந்த சர்வீஸ் சென்டரா, தெருமுனை மெக்கானிக் ஷெட்டா என்ற கேள்வி, சிறு கார்க்காரருக்கு வாழ்க்கைச் செலவைப் பற்றிய கேள்வியாகும்.

அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் இந்தப் பிரச்னை இவ்வளவு கூர்மையாக எழவில்லை. எந்த ஊரில் வண்டி நின்றாலும் அந்த ஊர் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்து ஏதாவது ஒரு வழி செய்துவிடுவார். 1983ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, அதன் 796 சி.சி. எஞ்சினும் முன்சக்கரங்களை இயக்கும் அமைப்பும் பழைய பட்டறைகளுக்குப் புதியவையாக இருந்தன. இருந்தும் சில வருஷங்களுக்குள் நம் மெக்கானிக்குகள் அதைக் கரதலபாடமாகக் கற்றுக்கொண்டார்கள். பின்னர் கார்புரேட்டர் போய் எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின் வந்தபோது, "இனி ஷெட்டுகளின் காலம் முடிந்தது" என்று பலரும் அபிப்பிராயம் சொன்னார்கள். அதையும் அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பதினைந்து வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வந்த பையன்கள் இந்த வித்தையைக் கைவசப்படுத்திய விதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மீது பெரும் மரியாதை உண்டாகிறது.

என்னுடைய ஆல்டோ 800க்குக் கம்பெனி கொடுத்த உத்தரவாதம் இரண்டு வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர். அந்தக் காலம் முழுவதும் நான் அதைக் கம்பெனி சர்வீஸுக்கே விட்டு வந்தேன். அதில் இரண்டாவது யோசனைக்கு இடமில்லை என்பதே இன்றும் என் கருத்து. அங்கே முறை இருக்கிறது. எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்று அட்டவணை இருக்கிறது. அட்டவணையை மறக்காத கம்ப்யூட்டரும் இருக்கிறது. பிரேக் ஃப்ளூயிட் என்ற திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் சுபாவமுடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறைந்து, மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது பெடல் திடீரென்று உள்ளே போய்விடும் அபாயம் உண்டு. இதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அடியோடு மாற்ற வேண்டும். கம்பெனி சர்வீஸில் அட்டவணைப்படி இது நடந்துவிடும். ஷெட்டுகளில் பெரும்பாலும் குறைந்த அளவை ஊற்றி நிரப்புவதோடு சரி. கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றி, ரேடியேட்டருக்குள் துருவும் உப்பும் படிய விடும் வழக்கமும் அநேக ஷெட்டுகளில் இன்னும் போகவில்லை.

ரீகால் என்கிற விஷயமும் ஒன்று உண்டு. 2023 ஜூலையில் மாருதி கம்பெனி, ஸ்டியரிங்கைச் சேர்ந்த டை ராடில் குறை இருக்கலாம் என்று 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பரிசோதித்தது. அப்படிப்பட்ட அழைப்பு வந்தால், அந்த வேலையை இலவசமாகச் செய்து தரும் பொறுப்பு கம்பெனிக்கே உரியது. எனவே வண்டியை எங்கே சர்வீஸ் செய்தாலும், கம்பெனிப் பதிவேட்டில் நம்முடைய தற்போதைய விலாசமும் தொலைபேசி எண்ணும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது அவசியம். பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்கியவர்கள் இந்த விஷயத்தில் மிகவும் அசிரத்தையாக இருக்கிறார்கள்.

இவ்வளவு நன்மைகளையும் ஒப்புக்கொண்ட பிறகும், உத்தரவாதம் முடிந்ததும் நான் ஏன் ஷெட்டுக்குப் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். சர்வீஸ் சென்டரில் நம்மோடு பேசுகிறவர் ஒருவர், வண்டியைத் தொடுகிறவர் வேறொருவர். நாம் சொல்லும் குறையை சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில் நாலு வார்த்தையாகச் சுருக்கி எழுதுகிறார். அந்த நாலு வார்த்தைகளை உள்ளே இருக்கும் தொழிலாளி படித்து, தம்முடைய யூகத்தின்படி வேலை செய்கிறார். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும், அதுவும் இடது பக்கம் திரும்பினால் மட்டும், கேட்கிற 'கடக்' சத்தம் அந்தக் காகிதத்தில் ஏறுவதே இல்லை. ஏறுவதெல்லாம் நாம் கேட்காத வேலைகள்: எஞ்சின் ஃப்ளஷ், ஏ.சி. கிருமிநாசினி, அடிப்பாகப் பூச்சு, பெயிண்டுக்கு மெருகு. இவற்றுள் சில, ஒருசில வண்டிகளுக்குப் பிரயோஜனப்படலாம். ஆனால் வருகிற வண்டி ஒவ்வொன்றுக்கும் அவற்றைச் சொல்லும்படி மேலிடத்திலிருந்து நிர்ப்பந்தம் இருக்கும்போது, எது யந்திரத்தின் தேவை, எது மாதக் கணக்கின் தேவை என்று சாமானிய மனிதர் எப்படிப் பிரித்து அறிவார்?

அந்தச் சத்தத்துக்கு ஒரு சர்வீஸ் சென்டர், முன்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தது. சென்னை குரோம்பேட்டையில் ஒரு சந்துக்குள் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் அதைக் காட்டினேன். அவர் எஸ்டிமேட்டைப் படிக்கவில்லை. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வண்டியை ரயில்வே லைன் ஓரத்துக் குண்டும் குழியுமான சாலையில் ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி, ஒரு நீண்ட இரும்புக் கம்பியால் நெம்பிக் காட்டி, "ஷாக் அப்சார்பர்ல ஒண்ணுமில்ல சார். லோயர் ஆர்ம் புஷ் போயிடுச்சு. அத மட்டும் மாத்திக்கலாம்" என்றார். ரப்பர் கிழிந்து உலோகத்தோடு உலோகம் மோதுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். மாற்றிய பிறகு, கழற்றிய பழைய புஷ்ஷை என் கையில் கொடுத்தார். செய்த வேலைக்கு அதைவிட நேர்மையான ரசீது எனக்குத் தெரியாது. பழைய பாகத்தைக் காட்டாத இடத்துக்கு, அது எவ்வளவு பளபளப்பான இடமாயினும், வண்டியை விடலாகாது என்பது அன்று முதல் என் கொள்கையாயிற்று.

இதனால் எல்லா ஷெட்டுகளும் உத்தமம் என்று ஆகிவிடாது. கம்பெனி அட்டைப்பெட்டியைப் போலவே அச்சிட்ட பெட்டிக்குள் போலி ஆயில் ஃபில்டர்கள் கடைகளில் நடமாடுகின்றன. மலிவான பிரேக் பேட் போட்டு ஒரிஜினல் என்று பணம் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். இதற்கு நான் கண்ட பரிகாரம், பெரிய பாகங்களை ஜி.பி. ரோட்டில் பில் போட்டு நானே வாங்கிக் கொடுத்துவிடுவது. கதவுக் கைப்பிடி, கண்ணாடி போன்றவற்றுக்குப் புதுப்பேட்டைப் பழைய சாமான் போதும். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் அங்கே போகவே கூடாது.

ஷெட் மெக்கானிக்குக்கு நல்ல பாகமும் சரியான தகவலும் கிடைக்காமற்போனதற்குக் கார்க் கம்பெனிகளுக்கும் பங்குண்டு. 2014 ஆகஸ்ட் 25ஆம் தேதி இந்திய வணிகப் போட்டி ஆணையம், ஒரிஜினல் உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காகப் பதினான்கு கார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியே ரிப்பேர் செய்ததை மட்டும் காரணம் காட்டி உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவு கூறியது. கம்பெனிகள் மேல்முறையீடு சென்றன. வழக்குகள் வருஷக்கணக்கில் நீண்டன. ஆயினும் அந்த உத்தரவில் உள்ள நியாயம் எனக்குச் சந்தேகத்துக்கு இடமின்றித் தெளிவாகவே இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய யந்திரத்தின் உள்விவகாரத்தை, அதன் சொந்தக்காரர் நம்பும் மனிதரிடமிருந்து மறைத்து வைக்க யாருக்கும் உரிமையில்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு, சிறு வண்டிகளிலும் சென்சார்கள் பெருகிவிட்டன. குரோம்பேட்டை மெக்கானிக் ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறார். அதில் கோளாறின் எண் தெரிகிறது. சில வேலைகளுக்குக் கம்பெனியின் சொந்த மென்பொருள் வேண்டியிருப்பதால், வண்டியைத் திருப்பி அனுப்பும்படி ஆகிறது. அவரிடம் வேலை கற்கும் பையன், கைப்பேசியில் வயரிங் படங்களைத் தேடித் தேடிப் பார்த்து நோட்டில் வரைந்துகொள்கிறான். கம்பெனி அந்தப் படங்களை நியாயமான விலைக்கு அவனுக்கு விற்றால் என்ன குறைந்துவிடும்?

என் வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்குகிறது. டைமிங் பெல்ட்டை மாற்றியாக வேண்டும். அறுந்தால் ஓடுகிற எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்பதால் தள்ளிப்போடக்கூடிய வேலையன்று. பெல்ட்டும் டென்ஷனரும் ஜி.பி. ரோட்டில் வாங்கியாயிற்று. பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்ப்பையும் பார்த்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கொண்டுபோய் விட வேண்டும்.