பௌபஜார் 210

கல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பத்தாருக்குப் பௌபஜார் என்றவுடன் நகைக்கடைகளே நினைவுக்கு வரும். பெண்ணுக்குத் திருமணம் கூடிவந்தால் அங்கே செல்வது நம் வழக்கம். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகளை அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். ஆனால் நாங்கள் நகை வாங்கச் செல்லவில்லை. ஒரு கதவிலக்கத்தைத் தேடிச் சென்றோம்.

காரணத்தை முதலில் கூறிவிடுகின்றேன். இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்ற என் மகளுக்கு இவ்வாண்டு இரண்டு சேர்க்கைக் கடிதங்கள் வந்தன. ஒன்று இங்கிலாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே ஓராண்டு முதுநிலைப் படிப்பு. கட்டணமும் இருப்பிடமும் உணவும் எங்கள் பொறுப்பு. அதற்கு வங்கிக் கடன் பெறவேண்டும். கடனுக்கு ஈடாகக் கும்பகோணத்திலுள்ள எங்கள் பூர்விக வீட்டின் பத்திரத்தைக் கொடுக்கவேண்டும். மற்றொரு கடிதம் பெங்களூரிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. அங்கே முதுநிலையும் முனைவர் பட்டமும் சேர்ந்த படிப்பு. மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. வீட்டிலோ, அவளைத் தூக்கி வளர்த்த என் தாயார் எண்பத்திரண்டு வயதில் நெஞ்சுநோயுடன் இருக்கின்றார்.

அவள் இந்நாட்டிலேயே படிக்கவேண்டும் என்பது என் உள்ளக்கிடக்கை. அதை நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆகவே, அயல்நாடு சென்று பயிலாமலே உலகப் புகழ் பெற்ற ஒரு தமிழரைத் துணைக்கு அழைத்தேன். "இராமன் வேலை செய்த இடத்தைப் பார்த்துவருவோம், வா" என்றேன்.

லேக் மார்க்கெட்டில் காப்பித்தூளும் வாழையிலையும் வாங்குவோர் கூட்டத்தைக் கடந்து, காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ஏறி, சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினோம். அன்றைய பௌபஜார் தெருவுக்கு இன்று பிபின் பிஹாரி கங்கூலி தெரு என்று பெயர். சியால்தாவை நோக்கி நடந்தோம். நகைக்கடைகளும் பழைய மாடிவீடுகளும் நெருங்கி நிற்கும் பகுதி இது. நிலத்தடியில் மெட்ரோச் சுரங்கம் தோண்டியபோது, 2019ஆம் ஆண்டில் இங்கே பூமி தாழ்ந்து, வீடுகள் பிளந்து, பல குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது.

210ஆம் எண்ணைக் கண்டுபிடித்தோம். அங்கே இருந்தது ஒரு வணிகவியல் கல்லூரி! ஆராய்ச்சிக்கூடம் நெடுங்காலத்துக்கு முன்பே ஜாதவ்பூருக்குச் சென்றுவிட்டது. எனக்குச் சற்றே ஏமாற்றந்தான். மகள் சிரித்தாள். எனினும், வாயிலருகே ஓரமாக நின்று, இவ்விடத்தின் வரலாற்றை அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.

மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர், இந்தியர் தம் நாட்டிலேயே அறிவியல் ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று விரும்பி, 1876ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். 1904ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, கூடம் இருந்தது, கருவிகளும் இருந்தன, ஆராய்வோர்தாம் இல்லை. 1907ஆம் ஆண்டில், பதினெட்டு வயதே நிரம்பிய இராமன், நிதித்துறை அதிகாரியாக, இளம் மனைவியுடன் சென்னையிலிருந்து இந்நகருக்கு வந்தார். இங்கிலாந்தின் தட்பவெப்பம் அவருடைய மெலிந்த உடலுக்கு ஒவ்வாது என்று சென்னையில் ஒரு மருத்துவர் முன்னமே கூறியிருந்தார். டிராமில் செல்லும்போது இக்கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. இறங்கிவந்து கதவைத் தட்டினார். நிறுவனரின் மகன் அமிர்தலால் சர்க்கார் அவரை மகிழ்ந்து வரவேற்றார். அன்றுமுதல் அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் இராமன் இருந்த இடம் இதுவே.

பின்னர் அசுதோஷ் முகர்ஜி அவரைப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியராக அழைத்தார். அப்பதவிக்கு அயல்நாட்டுப் பயிற்சி வேண்டும் என்பது நிபந்தனை. இராமன் செல்ல மறுத்தார், நிபந்தனை தளர்ந்தது. 1917ஆம் ஆண்டில், ஏறக்குறையப் பாதிச் சம்பளத்துக்கு, அவர் அரசுப் பணியை விட்டு வந்தார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் போன்ற இளைஞர் அவரிடம் வந்து சேர்ந்தனர். 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவு வெளிப்பட்டது. 1930ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

"பார்த்தாயா, அம்மா? இந்தத் தெருவில் இருந்துகொண்டே செய்தார்" என்று முடித்தேன்.

மகள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்பா, அவருடைய அண்ணன் மகனின் கதையையும் சொல்லுங்கள்" என்றாள்.

அங்கேதான் நான் அகப்பட்டுக்கொண்டேன். அண்ணன் மகன் எனப்பட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருடைய தந்தையாரும் நம்மைப்போல் உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே சென்றவர். ரயில்வே கணக்குத் துறையில் பணியாற்றியவர். 1910ஆம் ஆண்டில் லாகூரில் பிறந்த சந்திரசேகர், சென்னையில் பட்டம் பெற்று, 1930ஆம் ஆண்டில் அரசாங்க உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜ் செல்ல இடம் பெற்றார். அப்பொழுது அவருடைய தாயார் சீதாலட்சுமி கடும் நோயுற்றிருந்தார். மகன் தயங்கினான், தாயே போகச் சொன்னார். பம்பாயில் கப்பலேறிய அந்தப் பத்தொன்பது வயது இளைஞர் கப்பலிலேயே தொடங்கிய கணக்கு, விண்மீன்களின் முடிவைப் பற்றிய நம் அறிவையே மாற்றியது. 1983ஆம் ஆண்டில் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 1931ஆம் ஆண்டு மே மாதத்தில் தாயார் காலமானபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

இக்கதையைச் சொல்லிவந்த எனக்கு, இறுதியில் குரல் எழவில்லை. தெருமுனையில் மண்குவளையில் தேநீர் வாங்கிக்கொண்டோம். அதுவரை மகளிடம் சொல்லாத ஒன்றை அப்பொழுது சொன்னேன். 1998ஆம் ஆண்டில் என் தந்தையார் மறைந்த செய்தி இரவில் தொலைபேசியில் வந்தது. ஹவுராவில் மறுநாள் ரயிலேறி, சென்னை சென்று, அங்கிருந்து பேருந்தில் கும்பகோணம் சேர்ந்தபோது, எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. நான் கடல் கடந்து செல்லவில்லை. கடவுச்சீட்டும் என்னிடம் இல்லை. ஆயினும் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மகள் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு, "தூரத்துக்கா அஞ்சுகிறீர்கள், அப்பா? பெங்களூரும் இங்கிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர். சென்னையைவிடத் தொலைவு. உங்களுக்குத் தெற்கே போனால் ஊர். எனக்கு ஊர் இதுதானே?" என்றாள்.

இது எனக்குத் தோன்றாமற்போனது வியப்பே. முப்பதாண்டுகளுக்கு மேலாக நான் அயலூர் என்று எண்ணி வாழும் நகரம், அவளுக்குப் பிறந்த ஊர்.

திரும்பும் வழியில் ஜாதவ்பூர் சென்று, கழகத்தின் இன்றைய வளாகத்தையும் வெளியில் நின்று பார்த்தோம். ஞாயிறாதலால் உள்ளே செல்லவில்லை. வரும்போது அவளே ஒரு கணக்குச் சொன்னாள். 1914ஆம் ஆண்டில் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றபோது, சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. சந்திரசேகருக்கு அரசாங்கம் அளித்தது. இராமன் 1921ஆம் ஆண்டில் முதன்முறையாக ஐரோப்பா சென்றபோதும், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகவே சென்றார். "மூவரில் எவரும் வீட்டை அடகு வைத்துச் செல்லவில்லை, அப்பா" என்றாள். இராமனைச் சாட்சிக்கு அழைத்தவன் நான். அவரை முறையாக விசாரித்தவள் அவள்.

இரவு உணவின்போது என் தாயாரிடம் எல்லாவற்றையும் கூறினோம். அவர் பேத்தியைப் பார்த்துச் சொன்னார்: "உன் அப்பன் ரயிலேறப் புறப்பட்ட அன்று வாசலில் நான் அழவில்லை, கண்ணு. கொல்லைக்குப் போய் அழுதேன். நீ எங்கே போனாலும் அப்படித்தான். இந்த வீட்டில் கொல்லை இல்லை என்பதுதான் குறை." நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரித்தபின் யாரும் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் மகள் இரண்டு இடங்களுக்கும் கடிதம் எழுதினாள். என்ன கருவிகள் உள்ளன, எத்தனை மாதம் ஆய்வகத்தில் வேலை செய்யலாம், யார் வழிகாட்டுவார் என்று கேட்டாள். இங்கிலாந்திலிருந்து வந்த பதில் மிகவும் அன்பானது. ஆயினும் ஓராண்டில் ஆய்வுக்குச் சில மாதங்களே கிடைக்கும் என்று தெரிந்தது. பெங்களூரில் முதல் ஆண்டிலேயே ஆய்வகத்தில் நுழையலாம். அவள் பெங்களூரைத் தேர்ந்தாள். "அப்பாயிக்காக நின்றேன் என்று பின்னாளில் சொல்லமாட்டேன். கடனுக்கு அஞ்சி நின்றேன் என்றும் சொல்லமாட்டேன். அங்கே என்னால் முடிந்ததைக் காட்டினால், பிறகு எவராவது செலவு செய்து அழைப்பார்கள். அப்பொழுது நீங்கள் தடுக்கக்கூடாது" என்றாள். நான் வாக்களித்திருக்கின்றேன்.

இராமனும் 1933ஆம் ஆண்டில் கல்கத்தாவை விட்டுப் பெங்களூருக்கே சென்றார் என்பதை அவளுக்கு நினைவூட்டினேன். "இனி இராமனை விட்டுவிடுங்கள், அப்பா" என்றாள்.

இச்சங்கத்துக் குடும்பங்களில் இவ்வாண்டும் இத்தகைய கடிதங்கள் வந்திருக்கும். போ என்றோ, இரு என்றோ சொல்ல நான் தகுதியுடையேன் அல்லேன். ஒன்று மட்டும் கூறலாம். பெரியோர் கதைகளை நம் விருப்பத்துக்கேற்ப அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாகாது, முழுதும் சொல்லவேண்டும். நம் அச்சம் எதைப் பற்றியது என்பதையும் அவர்களிடம் மறைக்கலாகாது. பணமா, நோயா, பிரிவா என்று பெயர் சொல்லிவிட்டால், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

வரும் மாதம் ஹவுராவில் அவளை ரயிலேற்றவேண்டும். அப்பாயி இப்பொழுதே புளிக்காய்ச்சலுக்கு மிளகாய் வறுக்கச் சொல்லிக்கொண்டிருக்கின்றார்.