ஈரக்கையோடு தொடாதே

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட மாலை நேரத்தில், திருப்பூரில் சாய ஆலைகள் இருக்கும் பக்கமாக நடந்துபோனால், நனைந்த மண்ணின் வாசத்துக்கும் டீக்கடையில் பால் காயும் வாசத்துக்கும் நடுவே, தீக்குச்சி உரசியதும் எழுகிற கந்தக நெடி மெல்லிசாக வந்து தொண்டையைத் தொடும், தொழில் தெரியாதவர்கள் ஏதோ சாக்கடை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவார்கள், தெரிந்தவர்கள் ஒரு கணம் நின்று, எங்கேயோ ஹைட்ரோஸ் டப்பா சரியாக மூடப்படவில்லை என்பார்கள், எனக்கோ அந்த நெடி வந்ததும் கால் நடந்துகொண்டிருக்க, மனசு மட்டும் சென்னிமலை அடிவாரத்தில் அப்பாரு, என் தாத்தா, வைத்திருந்த சாயப்பட்டறைக்குப் போய்விடும்.

அது ஓட்டுக்கூரை போட்ட நீளமான கொட்டகை, கூரையில் நாலைந்து கண்ணாடி ஓடுகள், அவற்றின் வழியே இறங்கும் வெயில் தொட்டிகளிலிருந்து எழும் ஆவியில் பட்டு வெள்ளைத் தூண்களாக நிற்கும், மூங்கில் கழிகளில் கோத்த நூல் சிட்டங்களைத் தொட்டிக்கு இருபுறமும் நின்று இரண்டிரண்டு பேராகத் திருப்பித் திருப்பி முக்குவார்கள், பாவுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாசமும் சோடா வெந்நீரின் வாசமும் விறகுப்புகையும் எப்போதும் இருக்கும், அவற்றுக்கெல்லாம் மேலே, நாளுக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும், அந்தக் கந்தக நெடி வந்து போகும். அப்பாரு அப்போது வேறு ஆளாகிவிடுவார், அதுவரை யாரிடமாவது பழமை பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு, இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கைகளை விரல் விரலாகத் துடைத்து, அதையே மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பின்கட்டில் இருந்த சின்ன அறைக்குள் போவார்.

வாட் சாயம் என்று தறிக்காரர்கள் சொல்லும் வகை அப்படியே போட்டால் நீரில் கரையாது, காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் சேர்ந்த வெந்நீரில்தான் அது கரைந்து நூலுக்குள் இறங்கும், பிறகு நூலை வெளியே எடுத்து உதறி விரித்தால் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் பட்டு மறுபடியும் கரையாத நிறமாகி இழைக்குள்ளேயே தங்கிவிடும், சென்னிமலைப் போர்வைகளில் அந்தச் சாயம் ஏறியவை பல வருஷம் துவைத்தும் வெளுக்காமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் என்பது ஹைட்ரோஸ் தூளின் முழுப்பெயர், பாடப்புத்தகத்தில் சோடியம் டைதயோனைட் என்று இருக்கும், பார்த்தால் பொடியுப்பைப் போல வெள்ளையாக, சாதுவாகத்தான் கிடக்கும், ஆனால் கொஞ்சமாக நீர் பட்டால் போதும், தனக்குள்ளே சூடேறி, சல்ஃபர் டை ஆக்சைடு வாயுவைக் கக்கி, வெளியிலிருந்து ஒரு பொறியும் வேண்டாமல் தானே பற்றிக்கொள்ளும்.

பின்கட்டு அறையில் இருந்த ஒவ்வொரு பழக்கமும் இந்த ஒரு குணத்துக்கு எதிராக அமைந்திருந்தது. டப்பா தரையில் இருக்காது, செங்கல் அடுக்கிப் பலகை போட்டு அதன் மேல் இருக்கும், அந்த அறைக்குள் செம்போ குடமோ வரக்கூடாது, தலைக்குக் குளித்த ஈரத்தோடு அப்பத்தாகூட வாசற்படியைத் தாண்டமாட்டாள், அள்ளுவதற்கென்று வெயிலில் காய்ந்த ஒரு கொட்டாங்குச்சி அகப்பை தனியாக ஆணியில் தொங்கும், அது வேறு எதற்கும் உதவக்கூடாது. வேண்டிய அளவைத் தராசில் நிறுத்ததும், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், உள்ளே இருக்கும் பாலித்தீன் பையின் வாயை முறுக்கிக் கட்டி, மூடியை அழுத்தி, அதன் பிறகே தொட்டிப் பக்கம் திரும்புவார், கீழே சிந்தியதைத் திரும்ப டப்பாவில் போடமாட்டார், காய்ந்த துடைப்பத்தால் கூட்டி, வெளியே தொட்டி நிறைய இருக்கும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரைத்துவிடுவார். நான் எட்டிப் பார்த்தால், "ஈரக்கையோட தொடாத சாமி, பொங்கிக்கும்" என்பார், "தண்ணிக்குள்ள தூளப் போடோணும், தூளுக்குள்ள தண்ணி போகக் கூடாது, இந்த ஒண்ண மறந்தாக் கொட்டகை இருக்காது." காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தொட்டியின் மேற்பரப்பில் விதை தெளிக்கும் நிதானத்தோடு தூவுவார், பிறகு மஞ்சள் சாயம் ஏற்றிய காகிதத் துண்டை நனைத்து, அது நீலமாக மாறினால் தொட்டிக்கு ஹைட்ரோஸ் போதும் என்று தலையை ஆட்டுவார்.

அந்தத் தலையாட்டலை நினைக்கும்போதெல்லாம் ஈரோட்டு ரசாயனக் கிடங்கு ஒன்றும் கூடவே வந்துவிடுகிறது, அப்பாருவோடு சரக்கு எடுக்கப் போகும் இடம், உள்ளே நுழைந்ததும் கண் இருட்டும், சாக்கும் துருவும் ப்ளீச்சிங் பவுடரும் கலந்த வாசம், அங்கே ஒல்லியான ஒரு பெரியவர், காதில் பென்சில் செருகிக்கொண்டு, வெற்றிலையை அடக்கியபடி உட்கார்ந்திருப்பார். காலையில் கதவைத் திறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, ஐம்பது கிலோ ஹைட்ரோஸ் டப்பாக்கள் ஒவ்வொன்றின் விலாவிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது, மாட்டுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற மாதிரி, ஏனென்றால் உள்ளே ஈரம் புகுந்திருந்தால் புகை வருவதற்கு முன்பே தகரம் சொல்லிவிடும். ப்ளீச்சிங் பவுடரை ஒரு கோடியிலும் ஹைட்ரோஸை மறுகோடியிலும் வைத்திருப்பார், அமிலக் கேன்களுக்குத் தனியறை, "ஒண்ணு மூச்ச இழுக்கறது, ஒண்ணு மூச்ச விடறதுங்க தம்பி, ரெண்டையும் பக்கத்துல படுக்க வைக்கலாமுங்களா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார், ஆக்சிஜனை வாங்கும் பொருளையும் கொடுக்கும் பொருளையும் சேர்த்து வைக்கக்கூடாது என்று பிற்பாடு வேதியியல் வகுப்பில் கேட்டபோது, எனக்குக் கரும்பலகை தெரியவில்லை, அந்தப் பென்சில்தான் தெரிந்தது.

அப்பாரு போன பிறகு, வேறொரு ஊரில் ஒரு சாயப்பட்டறையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், மழை ராத்திரி ஒன்றில் கூரை ஒழுகி, வாய் மூடாத டப்பா ஒன்றுக்குள் சொட்டிவிட்டது, வெள்ளைப் புகை எழுந்ததைப் பார்த்த பையன் ஒருவன் பதறி ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினான், புகை நின்றுவிடும் என்று நினைத்த இடத்தில் அது சீறிக்கொண்டு இரண்டு மடங்காக எழுந்தது, எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே ஓடினோம். கொஞ்ச நீர்தான் அந்தத் தூளுக்குத் தீனி, அணைப்பதென்றால் தீயணைப்பு வண்டியின் குழாயால் வெள்ளமாகப் பாய்ச்ச வேண்டும், அது முடியாதென்றால் கிட்டவே போகாமல் ஆட்களை வெளியேற்றிவிட்டு, காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிற்க வேண்டும், நடுவில் வேறு வழி கிடையாது. 1995 ஏப்ரல் 21 அன்று அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்து லோடை நகரத்தில், நாப் டெக்னாலஜிஸ் என்ற ஆலையின் கலவை இயந்திரத்துக்குள் இதே தூளும் அலுமினியத் தூளும் இருந்தபோது நீர் புகுந்து, உள்ளே சூடேறி நாற்றம் கிளம்பியது, சரக்கை வெளியே எடுத்துவிடலாம் என்று இயந்திரத்தைக் காலி செய்துகொண்டிருந்த நேரத்தில் அது வெடித்து, 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதைப் படித்த அன்று, சென்னிமலைக் கொட்டகையின் ஓட்டுக்கூரையை ஆனி மாதமே ஆள் விட்டு மாற்றிய அப்பாருவின் அவசரம் நினைவுக்கு வந்தது, சுற்றியிருந்தவர்கள் அதைக் கஞ்சத்தனம் இல்லாத கிழவரின் பகட்டு என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

திண்டிவனம் பக்கம் அவுரி விளையும் ஊர் ஒன்றுக்கு நான் போனது இந்தத் தூளை மறந்திருந்த காலத்தில், அங்கே தரையில் கழுத்துவரை புதைத்த மண்தாழிகளில் நீலத்தைப் புளிக்கவைக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார், வேகவைத்த தகரை விதையும் சுண்ணாம்பும் சேர்த்து, நாள்கணக்கில் மூடிவைத்து, காலையும் மாலையும் துழாவிவிட்டு, கையால் கொஞ்சம் எடுத்து முகர்ந்து, தாழி தயாரா என்று சொல்வார், முக்கி எடுத்த நூல் மஞ்சள் கலந்த பச்சையாக வந்து, வேப்பமர நிழலில் நம் கண்ணெதிரே நீலமாகும். ஹைட்ரோஸ் செய்யும் அதே வேலையை அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தங்கள் அவகாசத்தில் செய்துகொண்டிருந்தன. 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு அவுரி வயல்கள் சுருங்கின, புளிக்கும் தாழிகளின் இடத்துக்கு வெள்ளைத் தூள் வந்தது, ஒரு வாரக் காத்திருப்பு அரைமணி நேரமாகக் குறைந்தது, குறைந்துபோன அந்த நாட்களின் வேகம் முழுவதும் அந்த டப்பாவுக்குள்தான் இருக்கிறது என்று தாழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றியது.

போன வருஷம் பெருந்துறைப் பக்கம் சாய ஆலை ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது, எஃகு இயந்திரங்கள், பளிச்சென்ற விளக்கு, ஆவித் தூண்கள் இல்லாத, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நீண்ட கூடம், ஹைட்ரோஸ் டப்பாக்களின் மேல் 1384 என்ற சர்வதேச எண்ணும், தானே தீப்பற்றும் பொருள் என்பதற்கான, மேல்பாதி வெள்ளையும் கீழ்பாதி சிவப்புமான சாய்சதுரக் குறியும் ஒழுங்காக ஒட்டியிருந்தன, சுவரில் ஆங்கிலத்தில் அச்சிட்ட பாதுகாப்புத் தகவல் தாள் பிளாஸ்டிக் உறையில் தொங்கியது. டப்பாவைத் திறந்து அள்ளிக்கொண்டிருந்தவன் ஒடிசாவிலிருந்து வந்த பையன், முகத்தில் தூசியை மட்டும் தடுக்கும் மெல்லிய துணி முகமூடி, அவனுக்குப் பின்னால் தரை துடைக்கும் ஈரத் துடைப்பம் சாய்த்து வைத்திருந்தது, அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று அரைகுறை இந்தியில் கேட்டேன், சிரித்துவிட்டு, ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லியிருக்கிறது என்றான். எதற்கு எதிராக ஜாக்கிரதை என்பதை அவன் பக்கத்தில் நின்று சொல்ல அங்கே ஒரு பெரியவர் இல்லை, மேற்பார்வையாளர் கண்ணாடி அறைக்குள் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஈரத் துடைப்பத்தை நானே எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பாருவின் கடைசி வருஷங்கள்தான் மனசில் ஓடின, பட்டறையை மூடிய பிறகும் விடியற்காலையில் அவருக்கு வரும் இருமல், திண்ணையில் உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொள்ளும் அப்பத்தா, வேலை முடிந்ததும் வெல்லமும் பழமும் தின்றால் தொண்டையில் இறங்கிய தூள் கரைந்துவிடும் என்று அந்தத் தலைமுறை முழுக்க நம்பியது. வெல்லம் நுரையீரலுக்குள் போவதில்லை, துண்டு தூளைக் கொஞ்சம் தடுத்திருக்கும், வாயுவைத் தடுக்காது, அதற்கு அமில வாயுக்களை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும், காஸ்டிக்குக்குக் கண்ணை மூடும் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் வேண்டும், கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும், இவை ஒன்றும் அந்தக் கொட்டகையில் இருந்ததில்லை. அந்தக் கொட்டகையை நான் இன்றும் நேசிக்கிறேன், ஆனால் அந்த நெடியை முன்போல நேசிக்க முடியவில்லை, தீயிலிருந்து எங்கள் எல்லோரையும் காத்த மனிதரின் மூச்சை, அவர் காத்துவந்த தூளே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது என்றுதான் நான் நம்புகிறேன்.

1984இல் போபாலில் விஷவாயு கசிந்ததற்குப் பிறகு, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தை 1987இல் திருத்தியபோது, தான் கையாளும் பொருளின் ஆபத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தார்கள், அந்தச் சட்டத்தின்படி ஒட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது அதற்கும் முன்பே எழுதியிருந்தது. அப்பாருவுக்குக் கை தெரிந்திருந்தது, முகமூடி கிடைக்கவில்லை, இன்றைய பையனுக்கு முகமூடி வாங்கித்தர ஆலைக்கு வசதி இருக்கிறது, கையைப் பழக்க ஆள் இல்லை. அள்ளுகிறவனுக்கு அவன் மொழியில், காரணத்தோடு, அகப்பையைக் கையில் கொடுத்து, முதல் சில வாரமாவது ஒரு மூத்தவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும், அந்த மூத்தவருக்குச் சம்பளம் கொடுப்பதைச் செலவுக் கணக்கில் எழுதினாலும் சரி, பாதுகாப்புக் கணக்கில் எழுதினாலும் சரி, டப்பா வாங்கும் அன்றே அதையும் வாங்கியாக வேண்டும்.