பொன்னேரியிலிருந்து பொன்னேரிக்கு

பழவேற்காட்டில் என் நாத்தனார் வீட்டு வாசலில் உட்கார்ந்தால் ஏரி தெரியும். சித்திரை மாதத்தில் அது கரையை விட்டு உள்வாங்கிக் கிடக்கும். முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபடும் காலம் அது. கடல்நீர் வரத்துக் குறையும். இருக்கிற தண்ணீரும் வெயிலில் சுண்டி உப்பேறும். கரையோரச் சேற்றில் கால் வைத்தால் வெதுவெதுவென்றிருக்கும். அந்த வாசலில் உட்கார்ந்துதான் இந்தக் கோடைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று பேசினோம். மலையும் ஏரியும் இருக்கிற இடம் வேண்டும் என்றாள் என் மகள்.

“ஏரியைப் பாக்க ஏரியை விட்டுட்டுப் போறீங்களா?” என்றார் மாமியார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தது எங்கள் வாசலில் கிடக்கிறது. ஆனால் நாத்தனார் மகன் ஏழு வயதுக்காரன், அவனுடைய சந்தேகமே வேறு. “மலை மேல ஏரி எப்படி நிக்கும் அத்தை? கீழ ஊத்திடாதா?” இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதைவிடக் கூட்டிப்போய்க் காட்டுவதுதான் முறை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டு விடுமுறைக்குக் கடல்தான் தேதி குறிக்கிறது. நாத்தனார் வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 2017க்கு முன் 45 நாளாக இருந்தது, இப்போது 61 நாள். பள்ளி விடுமுறையும் அதற்குள்ளேயே வந்து விழுகிறது. வருடம் முழுக்க அப்பா எப்போது போனார், எப்போது வந்தார் என்று தெரியாமல் வளரும் பிள்ளைக்கு அப்பா நாள் முழுக்க வீட்டில் இருக்கும் காலம் இதுதான். வருமானம் நின்றுபோகும் காலமும் இதுதான். ஆள் இருக்கும்போது காசு இல்லை, காசு இருக்கும்போது ஆள் இல்லை. ஆகவே பணத்தை எண்ணித்தான் திட்டம் போட வேண்டியிருந்தது.

போன வருடம் நானும் கணவரும் மகளோடு கொடைக்கானல் போனோம். இ-பாஸ் எடுத்து, ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டி, இரண்டு நாளில் பதினோரு இடம் பார்த்தோம். ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிடம், பிறகு வேன். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கிய அந்த நட்சத்திர வடிவ ஏரியைச் சுற்றி நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நேரமில்லை என்று ஓட்டுநர் கூப்பிட்டுவிட்டார். பள்ளி திறந்ததும் விடுமுறையைப் பற்றிப் படம் வரையச் சொன்னார்கள். மகள் வரைந்திருந்தது ஒரு ஜன்னல், அதில் பச்சைத் திரை, முன்னால் ஒரு சீட்டின் முதுகு. மலையே இல்லை. அந்தத் தாளை நான் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வருடம் எந்த இடத்துக்குப் போவது என்பதைவிட எத்தனை இடத்துக்குப் போகாமல் இருப்பது என்று யோசிக்க வைத்தது அந்தப் படம்தான்.

அப்படித்தான் ஏலகிரி முடிவானது. ஒரு மலை, ஒரு ஏரி, மூன்று நாள். சுமார் 1,100 மீட்டர் உயரம்தான். ஊட்டி, கொடைக்கானல் குளிரை எதிர்பார்க்கக் கூடாது. மே மாதத்தில் மத்தியான வெயில் அங்கேயும் உறைக்கும். காலையும் மாலையும் போதும் எங்களுக்கு. சனி ஞாயிறு கூட்டத்தைத் தவிர்த்து திங்கள் முதல் புதன் வரை என்று வைத்தோம். தடைக்காலத்தில் எல்லாக் கிழமையும் ஒன்றுதானே. புங்கனூர் ஏரிக்கு நடக்கிற தூரத்தில் ஒரே அறை. முதல் நாள் போய்ச் சேர்ந்ததும் தூக்கம். இரண்டாம் நாள் ஏரிக்கரை. மூன்றாம் நாள், பிள்ளைகள் கேட்டால் சுவாமிமலை ஏற்றம், கேட்காவிட்டால் மறுபடியும் ஏரிக்கரை.

“அங்க போயி என்னா செய்யறது தங்கச்சி?” என்றார் நாத்தனார் வீட்டுக்காரர். எனக்கு அண்ணன் முறை. வலை, இன்ஜின், டீசல் என்றே ஓடுகிற மனிதர். “ஒண்ணும் செய்ய வேணாம்ணே. பையன் கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு உக்காருங்க, போதும்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழி சுலபம். அவர்கள் முந்தின நாளே பொன்னேரி வழியாக மீஞ்சூருக்கு வந்து எங்கள் வீட்டில் தங்குகிறார்கள். விடியற்காலை மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஜோலார்பேட்டை. இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால் திறந்த அன்றே போட்டுவிட்டேன். ஜோலார்பேட்டையில் இறங்கி மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குப் போனால் அந்த ஊரின் பெயரும் பொன்னேரி. பொன்னேரியில் கிளம்பிப் பொன்னேரிக்குப் போகிறோம் என்று பிள்ளைகள் இரண்டும் குதித்தன.

அங்கிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: கம்பர், கபிலர், ஔவையார், பாரி, பேகன் என்று புலவர்களும் வள்ளல்களும். வளைவு வரும்போது பெயரை உரக்கப் படிப்பது மகளின் வேலை. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையும் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையும் அவளுக்குத் தெரியும். தம்பிக்குச் சொல்லிக்கொண்டே வருவாள். வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் வயிற்றைப் புரட்டாது. பையில் எலுமிச்சம்பழம் இரண்டு இருக்கும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. படகில் ஏறினால் எல்லோரும் உயிர்காப்புச் சட்டை போட வேண்டும். “எனக்கு நீஞ்சத் தெரியும்” என்றான் பையன். கடலோரப் பிள்ளை, உண்மையிலேயே தெரியும். ஆனால் 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து, சுற்றிப் பார்க்க வந்த 22 பேர் இறந்தார்கள். குப்பத்தில் அந்த நாளைப் பற்றி இன்றும் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அவன் அப்பாவே “நானும் போட்டுக்கறேன்டா” என்று சொன்ன பிறகுதான் அடங்கினான்.

நேற்று பைகளைச் சரிபார்த்தேன். பையன் துணிகளுக்கு நடுவே காலி தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது, மூடி இறுக்கமாகத் திருகியிருந்தது. எதற்கென்று கேட்டேன்.

“ஆயாவுக்கு. அந்த ஏரித் தண்ணிய நாக்குல வெச்சுப் பாக்கட்டும், உப்பு இருக்கான்னு.”