பொது இணைப்பும் தற்காப்பும்

தொடர்வண்டி நிலையங்களில் காத்திருக்கும்போது, கைப்பேசியில் தோன்றும் வைஃபை இணைப்புகளின் பெயர்களைப் படிப்பது என் வழக்கம். நிலையத்தின் பெயரைக் கண்டதும் அது நிலையத்தாருடையதே என்று மனம் துணியும். ஆயினும் அப்பெயரை எவரும் தம் கருவிக்குச் சூட்டலாம். பெயர் ஒன்றாயினும் வாயில் வேறாகலாம் அன்றோ?

2010ஆம் ஆண்டில் எரிக் பட்லர் என்னும் அமெரிக்கர் ஃபயர்ஷீப் என்னும் மென்பொருளை வெளியிட்டார். கடவுச்சொல் இல்லாத வைஃபையில் பிறர் கணக்கினுள் நுழைவது எவ்வளவு எளிது என்பதை அஃது உலகுக்குக் காட்டியது. பின்னர் இணையத்தளங்கள் பலவும் செய்திகளை மறைகுறியாக்கி அனுப்பத் தொடங்கின. அதனால் ஒட்டுக்கேட்டல் அரிதாயிற்று, ஏமாற்றுதலோ ஒழியவில்லை. போலிப் பக்கத்தில் நாமே எழுதிக் கொடுக்கும் கடவுச்சொல்லை எந்த மறைகுறி காக்கும்?

ஆதலின் நான் சில நெறிகளைக் கைக்கொண்டுள்ளேன். பழைய இணைப்புகளில் கைப்பேசி தானே சென்று இணைவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். தளத்தின் முகவரியை எழுத்தெழுத்தாக நோக்கிய பின்னரே கடவுச்சொல்லை இடுகிறேன். பாதுகாப்பு இல்லை என்று கருவி எச்சரித்தால் மேலே செல்வதில்லை. வங்கிப் பணிகளுக்கு என் சொந்த இணைய இணைப்பையே பயன்படுத்துகிறேன்.

சாவடியில் தங்குதல் குற்றமன்று. அங்கே பணமுடிப்பை அவிழ்த்து வைத்து உறங்குதலே பேதைமை.