நான்கு வன்தட்டுகளும் ஐந்தாவதும்

பஸ்தரில் ஆறு ஆண்டுகளாக நான் பதிவுசெய்த கோண்டிப் பாடல்களின் காணொளிகள் 9 டெராபைட்டைத் தொட்டுவிட்டன. பாடியவர்களுள் மூவர் இன்று இல்லை.

இவற்றுக்கென 8 டெராபைட் வன்தட்டுகள் நான்கு வாங்க முற்பட்டபோது, விலையைவிட எழுதும் முறையையே முதலில் நோக்கினேன். ஓடு வேய்வதுபோல் தடத்தின்மேல் தடம் ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை மலிவுதான். ஆனால் பழுதான தட்டுக்கு மாற்றாக இட்டு நிரப்புகையில் தவழத் தொடங்கிவிடும். ஆகவே சிஎம்ஆர். ஒரே தொகுதியில் வந்தவை ஒரே பருவத்தில் பழுதாகலாம் என அஞ்சி, இரண்டிரண்டாக வெவ்வேறு கடைகளில் வாங்கினேன். கடைக்காரர் சிரித்தார், சிரிக்கட்டும்.

ரெய்டு 6 முறையில் கொள்ளளவு பாதியாகும். எனினும் இரண்டு தட்டுகள் போனாலும் பாடல்கள் நிற்கும். கைதவறி அழித்ததை மட்டும் எந்த ரெய்டும் மீட்டுத் தராது. அதற்கென 12 டெராபைட் தட்டொன்றில் தனிப்படி எடுத்து, ஜகதல்பூரில் வாழும் பாடகர் ஒருவரின் மகளிடம் கொடுத்துவைத்திருக்கிறேன்.