கப்பலில் ஒரு மதுக்கலவை வகுப்பு

தலைப்பைப் பார்த்ததும் முகம் சுளித்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் உங்களைப் போலத் தோட்டத்தில் பிறந்தவள்தான். காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் 1962-இல் பிறந்தேன். பால்வாளி சுமந்த கை இது. பிறகு கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, அறுபது வயதில் ஓய்வு பெற்றேன். மரத்திலிருந்து இறங்கினாலும் ரப்பர் என்னை விட்டதா, பாருங்கள்!

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2023 டிசம்பர் பள்ளி விடுமுறையில், மகனும் மருமகளும் எங்களைப் பயணக் கப்பலில் அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். மூன்று இரவு. கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால், இண்டா தீவிலிருந்து புறப்பாடு. "காசைக் கடல்ல கொட்டாதீங்கடா" என்றேன். கேட்டால்தானே!

கப்பலைப் பார்த்ததும் எனக்குத் தாத்தாவின் நினைவுதான் வந்தது. அவர் 1937-இல் 'ரஜூலா' கப்பலில் வந்தவர். 1926-இல் கட்டிய அந்தக் கப்பலைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். ஆயிரக்கணக்கான பேர் மேல்தளத்தில் பாய் விரித்து, வாந்தியும் கஞ்சியுமாக வந்து இறங்கிய கப்பல் அது. அப்போது நம் துறைமுகத்துக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1972-இல்தான் கிள்ளான் துறைமுகம் ஆயிற்று. பாட்டியின் தகரப் பெட்டி கடைசிவரை எங்கள் லயத்தில் இருந்தது. அதே கடலில் நான் சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு, குளிரூட்டிய அறைக்குள் போகிறேன். கூச்சமாகத்தான் இருந்தது.

என் கணவர் கூச்சமெல்லாம் படவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் ஐஸ்கிரீம் இருந்த மூலையைக் கண்டுபிடித்தவர், மூன்று நாளும் அங்கிருந்து நகரவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் மருமகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த பெண். அதிகம் பேசமாட்டாள்.

"அத்தை, மேல்மாடியில ஒரு வகுப்பு இருக்கு. காக்டெய்ல் கலக்கக் கத்துக் கொடுக்கிறாங்களாம். நாம மூணு பேருக்கும் பேர் கொடுத்திட்டேன்."

"என்னம்மா இது, எனக்குப் போயி!"

"நீங்க குடிக்க வேணாம், அத்தை. சும்மா வந்து பாருங்க. நீங்க வரணும்."

அந்தக் கடைசிச் சொல்லை அவள் அழுத்திச் சொன்னது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

போனோம். நீண்ட மேசை, சுற்றிலும் பதினான்கு பேர். சீனத் தம்பதி ஒருவர், சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம், இளவட்டங்கள் சிலர். ஆளுக்கு ஓர் எவர்சில்வர் குலுக்குக் குவளை, ஒரு சின்ன அளவுக் குவளை, ஒரு வடிகட்டி, வாளி நிறைய ஐஸ். வெள்ளைச் சட்டை போட்ட பிலிப்பைன்ஸ் தம்பி ஒருவர் ஆசிரியர். அவர் மேசையை ஈரத்துணியால் துடைத்தார். அந்தத் துணியின் புளித்த வாடை என் மூக்கில் ஏறியதும், வாசகர்களே, கப்பலும் இல்லை, கடலும் இல்லை. எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை வேலியோரம் நான் நின்றுகொண்டிருந்தேன்.

சம்பள நாள் மத்தியானம் அம்மா என்னை அனுப்புவார். பொம்பளைப் பிள்ளை உள்ளே போகக்கூடாது. வேலிக்கு வெளியே நின்று, "அப்பா, அம்மா கூப்பிடுது" என்று குரல் கொடுக்க வேண்டும். சில நாள் வருவார். பல நாள் வரமாட்டார். அப்பா கெட்டவரல்லர். பால்வெட்டில் அவர் கைக்கு ஈடில்லை. பட்டை காயம் படாமல் வெட்டுவார். குடிக்காத நாளில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பெரட்டுக்களம் வரை போவார். குடித்த நாளில் அம்மாவின் கதறல் லயம் முழுக்கக் கேட்கும். 1974-இல் என் பள்ளிக் காலணிக்காக வைத்திருந்த காசும் அந்த வேலிக்கு உள்ளேதான் போயிற்று. அந்த ஆண்டு முழுக்க மாமா மகளின் பழைய காலணியைத் துணி வைத்து அடைத்துப் போட்டுக்கொண்டு போனேன்.

இதில் ஒரு கொடுமை உண்டு. கள்ளுக்கடையை மூடச் சொல்லிப் போராடியவர் என் தாத்தா! 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்று நடத்தினார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி, மருத்துவ வசதி என்று கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய அவமானம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் பட்டியலில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், பட்டாளம் வந்து சுட்டது, உயிர்கள் போயின. போருக்குப் பிறகு 1947-இல் கெடாவில் பீடோங் பக்கமும் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். கடை மட்டும் அசையவில்லை. தாத்தா கல்லெறிந்த கடை வாசலில் அவர் மகன் வரிசையில் நின்றார்.

கப்பலுக்கு வருகிறேன். ஆசிரியத் தம்பி ஒரு சிவப்புப் புட்டியைத் தூக்கிக் காட்டி, "இன்று நாம் செய்யப்போவது உங்கள் ஊர் சரக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உண்மைதானாம்! 'ஜங்கிள் பேர்ட்', அதாவது காட்டுப்பறவை என்று பெயர். 1970-களில் கோலாலம்பூர் ஹில்டன் ஹோட்டலில், ஏவியரி பார் என்ற மதுக்கூடத்தில், ஜெஃப்ரி ஓங் என்பவர் உருவாக்கிய கலவை. ஹோட்டலுக்கு வரும் விருந்தாளிகளுக்கு வரவேற்புப் பானமாகக் கொடுத்தார்களாம். இன்று உலகம் முழுக்க மதுக்கூடங்களில் இது கிடைக்கிறதாம். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலின் 'சிங்கப்பூர் ஸ்லிங்' போல, நம் நாட்டுக்கு இது ஒரு பெயர். அந்தப் பழைய ஹில்டன் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் இருந்தது. இப்போது அந்தக் கட்டடம் இல்லை. புதியது பிரிக்பீல்ட்ஸ் ஓரம், கே.எல். சென்ட்ரலில் நிற்கிறது. மருமகள் பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து நடக்கும் தூரம்.

நான் மனக்கணக்குப் போட்டேன். தலைநகரில் அந்த வெளிநாட்டு விருந்தாளிகள் கையில் காட்டுப்பறவையோடு நின்ற காலத்தில்தான், நாற்பது கிலோமீட்டருக்குள், நான் வேலியோரம் நின்று அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கலவையின் அளவு இதுதான். கறுப்பு ரம் 45 மில்லி. கேம்பரி என்ற இத்தாலியக் கசப்பு மது 20 மில்லி. அன்னாசிச் சாறு தாராளமாக. எலுமிச்சைச் சாறு கொஞ்சம், சீனிப்பாகு கொஞ்சம். ஐஸ் போட்டு மூடிக் குலுக்கி வடிக்க வேண்டும். ரம் எதிலிருந்து வருகிறது தெரியுமா? கரும்புச் சாற்றுப்பாகின் கழிவிலிருந்து. நம்மவர்கள் ரப்பருக்கு முன்னால் பினாங்குக்கு எதிரே பிராவின்ஸ் வெல்லஸ்லியில் கரும்புத் தோட்டத்துக்குத்தானே வந்தார்கள்! எந்தப் புட்டியைத் திறந்தாலும் உள்ளே ஒரு தோட்டம் இருக்கும் போலிருக்கிறது.

குடிக்காதவர்களுக்கு அந்தத் தம்பி வேறு வழி சொன்னார். மதுவுக்குப் பதில் ஆறவைத்த கடுந்தேயிலைச் சாயம் ஊற்றினால் போதும், கசப்பு கிடைத்துவிடும். நான் அதைத்தான் செய்தேன். குவளையைக் குலுக்கத் தெரியாமல் மூடி திறந்துகொண்டு பாதி சேலையில் கொட்டியது. மேசையே சிரித்தது, நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே மகன் பக்கம் திரும்பினேன். அவன் அளவுக் குவளையைத் தொடவில்லை. புட்டியைச் சாய்த்தான், கண் அளவாகவே ஊற்றினான். குவளையைத் தோளுக்கு மேல் தூக்கி ஒரு தாளத்தில் குலுக்கினான். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆசிரியத் தம்பி கைதட்டி, "இவருக்கு நான் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை, பழகிய கை" என்றார். மகன் முகம் சிவந்தது. மருமகள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாயால் சொல்ல முடியாததைக் கண்ணால் காட்டத்தான் அந்தப் பெண் என்னை அங்கே கூட்டி வந்திருக்கிறாள்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகனைத் தளத்துக்கு அழைத்துப் போனேன். காற்று பலமாக வீசியது.

"எத்தனை நாளாடா?"

முதலில், "ஆபீஸ் ஆளுங்களோட வெள்ளிக்கிழமை மட்டும்மா" என்றான். நான் பேசாமல் நின்றேன். பிறகு, "வீட்டிலயும்தான்" என்றான். பிறகு, "தினமும்" என்றான். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்தபோது தொடங்கியதாம். "ஆனா தாத்தா பாட்டி காலத்துக் கள்ளு சம்சு மாதிரி இல்லம்மா. நல்ல சரக்கு. அளவாத்தான்."

வாசகர்களே, அங்கேதான் நான் தலைகுனிந்தேன். அவனுக்கு எதுவும் தெரியாது. அவன் பிறந்தது 1988; என் அப்பா 1986-இலேயே போய்விட்டார். தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு கள்ளுக்குப் பதில் சாமான் கடையில் கிடைத்த சின்னப் புட்டிச் சம்சுக்கு மாறினார். வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து, 48 வயதில் ஆஸ்பத்திரியில் போனார். மகன் சிறுவயதில் கேட்டபோதெல்லாம், "தாத்தாவுக்கு மஞ்சள் காமாலை" என்று சொல்லி முடித்துவிட்டேன். பொய்யுமில்லை, மெய்யுமில்லை. குடும்ப மானம் என்று நினைத்தேன். வரும் சம்பந்தம் நின்றுவிடுமே என்றும் பயந்தேன். ஊரில் இப்படி எத்தனை காமாலைக் கதைகள் இருக்கின்றனவோ!

அன்றிரவு எல்லாவற்றையும் சொன்னேன். வேலியை, காலணியை, அம்மாவின் கையிலிருந்த தழும்பை. அவன் தடுக்கவே இல்லை. முடிவில், ஆபீஸ்காரன் அல்லவா, தொலைபேசியில் கணக்குப் போட்டான். ரம்மில் நூற்றுக்கு 40 பங்கு சாராயம். கேம்பரியில் ஏறக்குறைய 25. இரண்டும் சேர்ந்தால் ஒரு காட்டுப்பறவையில் 23 மில்லி. கள்ளில் நூற்றுக்கு ஐந்து என்று வைத்தால், அது அரை லிட்டர் கள்ளுக்குக் கொஞ்சம்தான் குறைவு. கள் நேரம் ஆக ஆக ஏறும் என்பது வேறு. "அப்போ நான் வீட்டில போடுற மூணு கிளாஸ்..." என்று ஆரம்பித்தவன் மேலே சொல்லவில்லை. ஈரலுக்கு ஹோட்டல் சரக்கும் தோட்டத்துச் சரக்கும் ஒன்றுதானே.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். மலிவுச் சாராயத்தில் மெத்தனால் கலந்துவிட்டால் அது வேறு கதை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் அப்படிக் குடித்துப் பலர் மாண்டார்கள். நேப்பாளம், மியன்மார், வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் அதிகம். குடித்த மறுநாள் தலைவலியோடு கண் மங்கினால் போதை தெளியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். நம் நாட்டில் 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்கக்கூடாது என்பது சட்டம். கடைக்காரர் கேட்காவிட்டாலும் நாம் கேட்கலாமே.

கிள்ளானுக்குத் திரும்பிய மறுவாரம் மகன் தானாகவே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, இப்போதே நிறுத்தினால் தேறிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். படிப்படியாகக் குறைப்பதா, ஒரேயடியாக விடுவதா என்றும் டாக்டரிடமே கேட்டுக்கொண்டான். தினமும் குடித்தவர்கள் திடீரென்று விட்டால் கை நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வருமாம். அதனால் டாக்டர் பார்வையில்தான் விட வேண்டுமாம். என் அப்பாவை ஒருமுறை இரண்டு நாள் வீட்டில் பூட்டி வைத்தோம். அவர் நடுங்கியதை நடிப்பு என்று நினைத்தோம். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

அவன் முழுக்க விட்டுவிட்டான் என்று நான் எழுதவில்லை. நடுவில் ஒருமுறை, நண்பன் கல்யாணத்தில், தவறினான். மருமகள் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள், முன்போல் மறைக்கவில்லை. மறுநாள் அவனே வந்து என் சமையலறையில் உட்கார்ந்து, "தாத்தா குடிக்காத நாள்ல என்ன செய்வார்ம்மா?" என்று கேட்டான். பால்வெட்டுக் கத்தியை அவர் தீட்டும் விதத்தைச் சொன்னேன். பெரட்டுக்களம் வரை என்னைத் தூக்கிப் போனதைச் சொன்னேன்.

போன தீபாவளிக்கு வீட்டில் இருபது பேர். அன்னாசிச் சாறு, எலுமிச்சை, கொஞ்சம் குலா மலாக்கா பாகு, ஆறவைத்த கடுந்தேயிலை. ஒரு பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டு மகன்தான் குலுக்கினான். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். என் கணவர் தன் கிளாஸில் ஐஸ்கிரீம் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். விருந்தாளிகள் போன பிறகு பாத்திரம் கழுவுகையில், அரிசி வாளிக்குப் பின்னால் கைவிட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பின்னாலேயே துண்டோடு வந்து நின்ற மகன், "பாருங்கம்மா, பரவாயில்ல" என்று வாளியைத் தானே நகர்த்தி வைத்தான்.