கோப்பையின் அடியில்

சிலாபம் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள். முன்பக்கம் குளிர்பானம், பின்பக்கம் பேக்கரி. அங்கேயே மாவு பிசைந்து அங்கேயே சுடுகிறார்கள். பேத்தி இரண்டு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"மூத்தாப்பா, வகுப்புல எல்லாரும் பபிள் டீ குடிச்சிட்டாங்க. நான் மட்டுந்தான் இல்ல."

அஸர் தொழுதுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே நுழைந்ததும் பாண் வாசம் வந்தது. எனக்கு அது ஐம்பது வருடத்துக்கு முந்திய வாசம். அப்போதெல்லாம் விறகுப் போறணைதான். வாப்பா விடியற்காலையில் என்னை அனுப்புவார். றாத்தல் பாணைத் தாளில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவேன். இங்கே மின்சார அடுப்பு. ஆனாலும் பாண் பாண்தான்.

பேத்தியின் கோப்பை வந்தது. பால் தேத்தண்ணி, அடியில் கறுப்புக் கறுப்பாக உருண்டைகள். சுண்டு விரல் நுழைகிற அளவுக்குப் பெரிய உறிஞ்சுகுழல். இந்த உருண்டை என்ன, ஜெலட்டின் ஏதும் சேர்கிறதா என்று கேட்க வேண்டியிருந்தது. 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராகப் பிரசாரம் கிளம்பிய பிறகு, பொது இடத்தில் இப்படியான கேள்வியைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டுப் பழகியிருக்கிறேன். கல்லாவில் நின்ற சிங்களப் பிள்ளை முகம் சுளிக்கவில்லை. உள்ளே போய்ப் பொதியையே எடுத்து வந்து காட்டினாள். மரவள்ளி மாவும் சீனியும்தான்.

மரவள்ளி! எழுபதுகளில், பாணுக்கு விடிய முன் வரிசையில் நின்ற காலத்தில், எங்களைக் காப்பாற்றிய கிழங்கு. மரவள்ளி அவித்த நாளில் உம்மா இஞ்சித் தேத்தண்ணி தரவே மாட்டா. இரண்டும் சேர்ந்தால் நஞ்சு என்பா. உண்மையில் நஞ்சு கிழங்கிலேயே கொஞ்சம் இருக்கிறது. இஞ்சியின் மேல் குற்றமில்லை. கிழங்கைத் துருவிக் கழுவி எடுத்த மாவுதான் சவ்வரிசி ஆகிறது. அதே மாவைத்தான் தாய்வானில் கொஞ்சம் பெரிதாக உருட்டி, கறுப்புச் சீனியில் ஊறவைத்துத் தேநீரில் போட்டிருக்கிறார்கள். 1980களில் தொடங்கிய பழக்கமாம். முதலில் செய்தது நாங்கள்தான் என்று தாய்சுங் நகரத்துக் கடையொன்றும் தாய்நான் நகரத்துக் கடையொன்றும் பத்து வருடம் வழக்காடியிருக்கின்றன. இது யாரும் செய்யக்கூடிய பானம், முதலில் செய்தவர் யாரென்று தீர்க்கத் தேவையில்லை என்று 2019இல் முடிந்தது வழக்கு.

2019 என்றதும் என் மனம் தாய்வானில் நிற்கவில்லை.

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஒரே பாடசாலையில் அவர் கணிதம், நான் தமிழ். கத்தோலிக்கர். இந்தக் கரையோரத்துப் பழைய குடும்பங்கள் பலவற்றைப் போல வீட்டில் சிங்களமும் தமிழும் கலந்து பேசுவார்கள். ஒவ்வொரு நோன்பிலும் எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு வாளி கஞ்சியும், தேங்காய்ப் பால் விட்ட சவ்வரிசிப் பாயாசமும் போகும். அவருடைய தாயாருக்குப் பாயாசத்தில் ஒரு பிரியம். "பிறை கண்டாச்சா?" என்று எங்களுக்கு முந்தி அவ கேட்பா.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறியில் கிடந்த மாக்கட்டியைக் காட்டி, இது மலட்டு மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர் மிரட்டலுக்குப் பயந்து தலையாட்டியது படமாகப் பரவியது. அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் பிறகு சோதித்துச் சொன்னார்: அது வெறும் மாவு. அப்படியொரு மாத்திரையே உலகத்தில் இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். ஆனால் அதற்கிடையில் திகனயும் எரிந்துவிட்டது.

அடுத்த வருடம் ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறன்று நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய தேவாலயத்தில் வெடித்த குண்டில் நண்பரின் உறவினர் இருவர் போனார்கள். மையித்து வீட்டுக்குப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். எனக்கும் பேச்சு வரவில்லை. மூன்று வாரம் கழித்து, மே 12, நோன்பின் முதல் வாரம். முகநூலில் ஒருவர் எழுதிய ஒரு வரியைப் பிழையாக விளங்கிக்கொண்டு எங்கள் சிலாபத்தில் பள்ளிவாசலுக்கும் கடைகளுக்கும் கல்லெறிந்தார்கள். ஊரடங்கு போட்டார்கள். மறுநாள் அது குளியாப்பிட்டி, மினுவாங்கொடை என்று பரவி, கொட்டராமுல்லையில் ஓர் உயிரையும் குடித்தது.

அந்த நோன்பில் என் மனைவி வழமை போலப் பாயாசம் காய்ச்சினா. வாளியை எடுத்து வாசல் வரை வந்தேன். அங்கே நின்றுவிட்டேன். ஊரடங்கு எடுத்தாயிற்று, தெருவுக்குப் பயமில்லை. வாளியைத் திறந்ததும் அந்த வீட்டில் யாராவது ஒருவர், ஒரே ஒரு கணம், பாயாசத்துக்குள் மிதக்கும் அந்த மணிகளை உற்றுப் பார்த்தால்? அந்தப் பார்வையைத் தாங்க எனக்குச் சக்தி இருக்கவில்லை. திரும்பி வந்தேன். அடுத்த வருடம் கொரோனா. அதற்கடுத்த வருடங்களில் காரணம் தேவைப்படவில்லை. வழியில் கண்டால் சலாம் போலக் கைதூக்குவார், நானும் தூக்குவேன். இதற்கிடையில் அவருடைய தாயாரும் காலமாகிவிட்டா.

"மூத்தாப்பா, குடிச்சுப் பாருங்க."

பேத்தி கோப்பையை நீட்டினாள். உறிஞ்சினேன். இனிப்பு அதிகம். உருண்டைகள் வழுக்கிக்கொண்டு வந்து பல்லில் மாட்டின. சவ்வரிசியை விடக் கொஞ்சம் பிடிவாதம். முன்பின் தெரியாத ஒரு பிள்ளை தந்த, அடி தெரியாத கறுப்புக் கட்டிகளை ஒரு பொதியைப் பார்த்து நம்பி விழுங்கிவிட்டேன். முப்பது வருடம் பழகிய மனிதர் என்னை நம்பமாட்டார் என்று மட்டும் நானாகவே முடிவு செய்துவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போதுதான் போறணையிலிருந்து எடுத்த சீனிப் பணிஸ் ஆறு வாங்கினேன். பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பும் வழியை விட்டு அவர் வீட்டுப் பக்கம் நடந்தேன்.

படலையைத் திறந்தவர் அவர்தான். நன்றாக நரைத்திருந்தார். "வாங்க மாஸ்டர்" என்றார், நேற்றுப் பிரிந்தவர் போல. பணிஸ் பையை நீட்டினேன். இன்னும் சூடாக இருந்தது. உள்ளே கூட்டிப்போய் உட்காரச் சொல்லும் முன்பே ஒன்றை எடுத்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மற்றப் பாதியைப் பேத்தியிடம் கொடுத்தார்.

"அம்மா கடைசி வரைக்கும் கேட்டா," என்றார். "பாயாசம் ஏன் இந்த வருசமும் வரல்லன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பணிஸைப் பிய்த்தபோது அவர் அதை ஒரு கணமும் உற்றுப் பார்க்கவில்லை. நான்தான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.